கோஷர் முத்திரை: போனை வைத்து எதைத் தெரிந்துகொள்ளலாம், எதை முடியாது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூஜெர்சியில் இந்திய மளிகைச் சாமான்களை இறக்குமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை. பொருட்களின் விவரங்களை இணையத்தில் ஏற்ற வேண்டும். எடை, உட்பொருட்கள், ஒவ்வாமைக் குறிப்பு எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. கடைசியாக ‘கோஷர்: உண்டு / இல்லை’ என்று ஒரு கட்டம். மற்ற கட்டங்களைப் பற்றி யாரும் போன் செய்ததில்லை. இந்தக் கட்டத்தைப் பற்றி வாரம் தவறாமல் யாராவது கேட்கிறார்கள். இங்கே குடியிருக்கும் நம்மவர்கள், ஊரிலிருந்து ஏற்றுமதி செய்ய நினைப்பவர்கள், சும்மா ஆர்வத்தில் கேட்பவர்கள் எனப் பலரும் கேட்டவற்றைத் தொகுத்திருக்கிறேன். நான் யூதன் இல்லை. இது கூடும், இது கூடாது என்று சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. தகவல் எங்கே பிறக்கிறது, வழியில் எங்கே கெட்டுப்போகிறது என்பது மட்டும் கொஞ்சம் தெரியும்.

கோஷர் என்றால் என்ன? இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியுமா?

யூத சமய விதிப்படி உண்ணத் தக்கது என்று பொருள். ஆடு, மாடு போல அசைபோடுவதும் பிளந்த குளம்பு உள்ளதுமான விலங்கு கூடும், பன்றி கூடாது. மீனுக்குத் துடுப்பும் செதிலும் இருக்க வேண்டும். அதனால் இறால், நண்டு கிடையாது. இறைச்சியையும் பாலையும் சேர்த்துச் சமைக்கவோ உண்ணவோ கூடாது. பூச்சி, புழு உடம்புக்குள் போகக் கூடாது. திராட்சை மதுவுக்கும் பாலாடைக்கட்டிக்கும் தனி விதிகள் உண்டு. சமைத்த பாத்திரத்துக்கும் இதெல்லாம் பொருந்தும். பன்றிக்கொழுப்பு ஓடிய குழாயில் அடுத்த நாள் தேங்காய் எண்ணெய் ஓடினால் அந்த எண்ணெயும் கோஷர் ஆகாது.

சிக்கலே இந்தக் கடைசி விதியால்தான். வீட்டுச் சமையலில் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். தொழிற்சாலைப் பொட்டலத்தில் உட்பொருள் பட்டியலை எழுத்தெண்ணிப் படித்தாலும் குழாயில் முன்பு என்ன ஓடியது என்று தெரியாது. யாராவது உள்ளே போய்ப் பார்த்து வந்து சொல்ல வேண்டும். அப்படிச் சொல்பவரின் அடையாளம்தான் முத்திரை.

அந்த முத்திரை எப்படி இருக்கும்? யார் கொடுப்பது?

அமெரிக்காவில் அதிகம் பார்ப்பது வட்டத்துக்குள் ‘யூ’ எழுத்து. 1898-ல் தொடங்கிய ஆர்த்தடாக்ஸ் யூனியன் என்ற அமைப்புடையது. சுருக்கமாக ஓயூ. வட்டத்துக்குள் ‘கே’ இருந்தால் ஓகே அமைப்பு. நட்சத்திரத்துக்குள் ‘கே’ என்றால் பால்டிமோரின் ஸ்டார்-கே. முக்கோணம் சிகாகோ ரப்பிகள் (யூத சமய குருமார்) மன்றத்துடையது. நியூஜெர்சியின் கோஃப்-கே-யும் சேர்ந்து இந்த ஐந்தும் பெரிய அமைப்புகள். இவை போக உலகெங்கும் நூற்றுக்கணக்கில் சிறிய அமைப்புகளும், தனியாகச் சான்று தரும் ரப்பிகளும் உண்டு.

புதிதாகப் பார்ப்பவர்கள் விழும் குழி ஒன்று: வட்டத்துக்குள் ‘ஆர்’. அது பதிவு செய்த வணிகக் குறி என்பதற்கான அடையாளம், கோஷருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எங்கள் கிடங்கில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு நாள் முழுக்க அதைப் பார்த்துப் பார்த்து நாற்பது பொருட்களைக் ‘கோஷர் உண்டு’ என்று குறித்துவிட்டான்.

வட்டமும் இல்லாமல் நட்சத்திரமும் இல்லாமல் வெறும் ‘கே’ மட்டும் அச்சிட்டிருந்தால்? வடிவம் எதுவும் இல்லாத வெறும் ‘கே’ எழுத்தைக் கோஷர் குறியாக யாரும் தனி உரிமை கொண்டாட முடியாது. அதனால் அந்த ‘கே’-யை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பின்னால் நல்ல ரப்பி இருக்கலாம், யாருமே இல்லாமலும் இருக்கலாம். உற்பத்தியாளரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய அமைப்புகளின் குறிகள் பதிவு செய்யப்பட்டவை. அனுமதி இல்லாமல் போட்டால் வழக்கு வரும்.

முத்திரைக்குப் பக்கத்தில் டி, பி என்று எழுத்து இருக்கிறதே?

‘டி’ என்றால் பால் சேர்ந்தது. ‘பி’ என்றால் பாஸ்கா என்ற யூதப் பண்டிகைக்கும் ஏற்றது. பலர் இந்த ‘பி’-யைப் பார்வே என்று நினைத்துக்கொள்கிறார்கள். பார்வே என்பது பாலும் இல்லாத, இறைச்சியும் இல்லாத பொருள். அது பெரும்பாலும் முழுச் சொல்லாகவே அச்சாகியிருக்கும், அல்லது முத்திரை மட்டும் தனியாக நிற்கும்.

‘டிஇ’ என்றும் சில பொட்டலங்களில் பார்க்கலாம். பொருளில் பால் இல்லை, ஆனால் பால் பொருள் ஓடிய இயந்திரத்தில் செய்தது என்று அர்த்தம். கோழிக்குழம்பு சாப்பிட்ட யூதர் பல மணி நேரம் பால் பொருளைத் தொடமாட்டார். ஆனால் ‘டிஇ’ பிஸ்கட்டை இறைச்சிக்குப் பிறகு உண்ணலாம் என்பது பரவலான வழக்கம். ஓயூ பொதுவாக ‘டிஇ’ போடுவதில்லை, இரண்டுக்கும் ‘டி’-தான். அதனால் ‘ஓயூ-டி’ போட்ட பிஸ்கட்டில் உண்மையிலேயே பால் இருக்கிறதா, இயந்திரத்தில்தான் இருந்ததா என்பது உறையைப் பார்த்துத் தெரியாது. அந்த அமைப்புக்கு மின்னஞ்சல் அனுப்பியோ போன் செய்தோ கேட்டால் தெரியும். நவீனத் தொழில்நுட்பம் எங்கே உதவுகிறது என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்த இடத்தைத்தான். உறையில் ஓரெழுத்துக்குத்தான் இடம் இருக்கிறது. அந்த எழுத்துக்குப் பின்னால் உள்ள கோப்பு இணையத்தில் இருக்கிறது.

இதற்குச் செயலி இருக்கிறதாமே? எதை இறக்கிக்கொள்வது?

பெரிய அமைப்புகளின் இணையதளங்களில் பொருளின் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ தட்டினால் தேட முடியும். ஓயூ-வுக்குச் செயலியும் உண்டு. இதில் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ஓர் அமைப்பின் தேடுபெட்டி தான் சான்றளித்த பொருளை மட்டும்தான் காட்டும். அங்கே கிடைக்காத பொருள் கோஷர் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வேறு அமைப்பு கொடுத்திருக்கலாம்.

எனக்கு அதிகம் பயன்பட்டது சிகாகோ ரப்பிகள் மன்றத்தின் செயலி. பொருட்களின் பட்டியலைவிட அதில் முக்கியமானவை இரண்டு. முதலாவது, எந்தெந்த அமைப்பின் முத்திரையை அவர்கள் ஏற்கிறார்கள் என்ற பட்டியல், படத்தோடு. ஏதோ ஒரு நாட்டு மிட்டாயில் பழக்கமில்லாத குறி இருந்தால் அங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டாவது, முத்திரையே இல்லாமல் வாங்கத் தக்க பொருட்களின் பட்டியல். கூடுதலாக எதுவும் சேர்க்காத சில பொருட்களுக்குச் சான்று தேவைப்படாது. இது தெரியாமல் உப்புப் பொட்டலத்தில் கூட முத்திரை தேடிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பார்கோடை ஸ்கேன் செய்தால் தெரிந்துவிடாதா?

பார்கோடு வெறும் எண். அதற்குள் கோஷர் தகவல் எதுவும் இல்லை. ஸ்கேன் செய்யும் செயலி அந்த எண்ணை எடுத்துக்கொண்டு போய்த் தன் தகவல்தளத்தில் தேடுகிறது, அவ்வளவுதான். அந்தத் தகவல்தளத்தில் யார், எப்போது எழுதினார் என்பதுதான் கேள்வி.

729 என்று தொடங்கினால் இஸ்ரேல், ஆகவே கோஷர் என்று ஒரு கணக்கு வாட்ஸப்பில் சுற்றுகிறது. இது இரண்டு தரம் தவறு. முன்னெண் சொல்வது அந்த நிறுவனம் எந்த நாட்டு அமைப்பில் பார்கோடைப் பதிவு செய்தது என்பதை மட்டும். 890 என்று தொடங்கும் பொருள் இந்தியாவில்தான் செய்யப்பட்டது என்றும் சொல்ல முடியாது. அதோடு, இஸ்ரேலில் விற்பதெல்லாம் கோஷர் என்பதும் இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், ஒரே பார்கோடு உள்ள பொருள் இரண்டு ஆலைகளில் தயாராகலாம் என்பது. ஒன்றுக்குச் சான்று உண்டு, மற்றதற்கு இல்லை. ஸ்கேன் செய்தால் இரண்டுக்கும் ஒரே பதில்தான் வரும். அதனால்தான் கையில் இருக்கும் பொட்டலத்தின் மேல் அச்சிட்ட முத்திரையைப் பாருங்கள் என்று அமைப்புகள் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இணையக் கடையில் படத்தில் முத்திரை தெரிகிறது. நம்பலாமா?

எங்கள் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வியாழக்கிழமை மதியம் வயதான அம்மா ஒருவர் போன் செய்தார். “உங்கள் மாங்காய் ஊறுகாய் பாட்டில் என் கையில் இருக்கிறது. இணையத்தில் உள்ள படத்தில் முத்திரை இருக்கிறது, பாட்டிலில் இல்லை. எது நிஜம்?” என்றார். நான் திரையில் படத்தைப் பெரிதாக்கினேன். லேபிளின் கீழ்மூலையில் முத்திரை தெளிவாகத் தெரிந்தது. கிடங்குக்குப் போய் ஒரு பெட்டியைப் பிரித்தேன். அந்த இடத்தில் மறுசுழற்சிக் குறி இருந்தது.

விசாரித்தால், பாட்டிலில் அடைக்கும் ஆலை மாறியிருக்கிறது. புதிய ஆலையில் வினிகர் வேறு இடத்திலிருந்து வாங்குகிறார்கள், அங்கே யாரும் கோஷர் மேற்பார்வைக்குப் போனதில்லை. நியாயமாகவே லேபிளிலிருந்து முத்திரையை எடுத்துவிட்டார்கள். படம் மட்டும் மூன்று வருடப் பழையது. அதை மாற்ற வேண்டிய ஆள் நான்தான்.

அன்று மாலையே மாற்றிவிட்டேன். ஆனால் எங்கள் தகவலை எடுத்துப் போட்டிருந்த மற்ற நான்கு கடைகளின் தளங்களில் பழைய படம் அதற்குப் பிறகும் பல வாரம் கிடந்தது. அவர்களில் இருவர் பதிலே போடவில்லை. இணையக் கடையில் ‘கோஷர்’ என்று வடிகட்டித் தேடும் வசதி இருந்தால், அதற்குப் பின்னால் என்னைப் போல ஒருவன் கட்டத்தில் டிக் போட்டிருக்கிறான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பொருள் வந்ததும் பிரிப்பதற்கு முன் முத்திரையைப் பாருங்கள்.

கோஷர் எச்சரிக்கை என்று மின்னஞ்சல் வருகிறதே, அது என்ன?

இந்தத் துறையில் தொழில்நுட்பம் செய்த உருப்படியான காரியம் என்று நான் நினைப்பது இதைத்தான். பால் கலந்த பிஸ்கட் தவறுதலாகப் பார்வே உறைக்குள் போய்விடும். அனுமதி இல்லாமல் யாரோ முத்திரையை அச்சிட்டுவிடுவார்கள். ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் முடிந்துபோயிருக்கும், பழைய உறை தீரும்வரை கடையில் கிடக்கும். இப்படி நடந்தால் அமைப்பு ஓர் அறிவிப்பு வெளியிடும். பொருளின் பெயர், எத்தனை கிராம் பொட்டலம், தொகுப்பு எண், என்ன பிழை, என்ன நடவடிக்கை என்று ஐந்தாறு வரி. முன்பெல்லாம் ஜெபக்கூடத்துப் பலகையில் ஒட்டுவார்கள், பத்திரிகையில் போடுவார்கள். இப்போது மின்னஞ்சலிலும் செயலியிலும் உடனே வந்துவிடுகிறது.

படிக்கும்போது தொகுப்பு எண்ணைத் தவறவிடாதீர்கள். ஒரே ஒரு தொகுப்பில் வந்த பிழையைப் பிடித்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் பொருளே கோஷர் இல்லை என்று பரப்புவது வாட்ஸப்பில் வாடிக்கை. பரப்பப்படும் படத்தில் தேதி இருக்காது. ஆறு வருடத்துக்கு முந்தைய எச்சரிக்கை இன்று வந்தது போல வந்து நிற்கும். அமைப்பின் தளத்துக்கே போய் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்புங்கள்.

தொழில்நுட்பம் இல்லாத காலத்தில் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கடிதம் எழுதித்தான். இதில் நல்ல கதை ஒன்று உண்டு. அட்லாண்டாவில் டோபியாஸ் கெஃபன் என்ற ரப்பி இருந்தார். கோகோ கோலா பிறந்த ஊரும் அதுதான். பல ஊர் ரப்பிகளும் அவருக்கு எழுதினார்கள்: எங்கள் பிள்ளைகள் இந்தப் பானத்தைக் குடிக்கிறார்கள், கூடுமா கூடாதா? அவர் நிறுவனத்தைக் கேட்டார். உலகமே ரகசியம் என்று பேசும் செய்முறை. வெளியே சொல்லமாட்டேன் என்ற உறுதியின் பேரில் உட்பொருட்களின் பட்டியலை அவருக்குக் காட்டினார்கள். அதில் கிளிசரின் இருந்தது, மாட்டுக் கொழுப்பிலிருந்து எடுத்தது. அளவு மிகக் கொஞ்சம்தான். ஆனால் தற்செயலாக விழுந்த துளிக்குக் கிடைக்கும் சலுகை, தெரிந்தே சேர்த்ததற்குக் கிடையாது என்றார் அவர். நிறுவனம் தாவர எண்ணெய்க் கிளிசரினுக்கு மாறியது. பாஸ்காவுக்கு ஆகாத தானியச் சாராயம் ஒன்றும் இருந்தது, அதற்கும் மாற்று கண்டார்கள். 1935-ல் கூடும் என்று தீர்ப்பு எழுதினார். அந்தத் தீர்ப்பிலும் பொருட்களுக்குப் புனைபெயர் வைத்துத்தான் எழுதினார், ரகசியத்தைக் காப்பாற்ற.

இன்று அமெரிக்காவில் பாஸ்கா நெருங்கும்போது சில ஊர்களில் மஞ்சள் மூடியோடு கோகோ கோலா பாட்டில் வருவதைப் பார்க்கலாம். பாஸ்காவில் பலர் தவிர்க்கும் மக்காச்சோளப் பாகுக்குப் பதில் சர்க்கரை சேர்த்தது அது. மூடியின் நிறத்தை வைத்தே கடையில் தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிடலாம். எந்தச் செயலியும் இவ்வளவு வேகமாக வேலை செய்யாது.

அரசாங்கம் இதைச் சரிபார்க்காதா? நம் ஊர்ப் பச்சைப் புள்ளி போல?

இந்தியாவில் சைவம், அசைவம் என்பதற்கு அரசு விதி வகுத்திருக்கிறது. அமெரிக்காவில் கோஷருக்கு அப்படிச் செய்யப் போய் நியூயார்க் மாநிலம் கையைச் சுட்டுக்கொண்டது. அங்கே 1915 முதல் கோஷர் மோசடிச் சட்டம் இருந்தது. யூத சமயத்தில் மரபை இறுகப் பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் பிரிவின் முறைப்படி இருப்பதே கோஷர் என்று சட்டமே சொல்லியது. லாங் ஐலண்டில் காமாக் என்ற ஊரில் ஓர் இறைச்சிக் கடை. அவர்கள் கன்சர்வேடிவ் என்ற இன்னொரு யூதப் பிரிவின் ரப்பி மேற்பார்வையில் நடத்தினார்கள். மாநில ஆய்வாளர்கள் குற்றம் கண்டுபிடித்தார்கள். கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள்: ஒரு சமயத்துக்குள் எந்தப் பிரிவு சரி என்று சொல்ல அரசாங்கம் யார்? 2000-ல் மாவட்ட நீதிமன்றமும் 2002-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நின்றன. நியூஜெர்சியின் விதிகள் அதற்கு முன்பே, 1992-ல், இதே காரணத்துக்காக விழுந்துவிட்டன.

2004-ல் நியூயார்க் புதிய சட்டம் கொண்டுவந்தது. எது கோஷர் என்று அதில் ஒரு வரி கூட இல்லை. கோஷர் என்று விற்பவர், அதை யார் சான்றளித்தார் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், மாநில வேளாண்மைத் துறையிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் சாரம். அந்த விவரம் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கும், நம்புவதும் நம்பாததும் வாங்குபவர் பாடு. அதே கடைக்காரர்கள் இதையும் எதிர்த்துப் போனார்கள். 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

என் வேலையில் இருப்பவனுக்கு இது மிகவும் பிடித்த சட்டம். அரசாங்கம் ‘இது சரி’ என்று சொல்வதை விட்டுவிட்டு ‘இதைச் சொன்னது இன்னார்’ என்று மட்டும் பட்டியல் போடத் தொடங்கியது. நல்ல செயலி ஒன்று செய்ய வேண்டியதும் அதுதான். வெறும் பச்சை டிக் காட்டும் செயலியை நான் நம்புவதில்லை. யார் சான்று தந்தது, எந்தத் தேதி வரை என்று காட்டினால் நம்புவேன்.

இஸ்ரேலிலும் இப்படித்தானா?

இல்லை. தலைமை ரப்பி அமைப்பின் சான்று இல்லாமல் ஓர் உணவகம் தன்னைக் கோஷர் என்று எழுதிக்கொள்ளக் கூடாது என்றது அங்கே 1983-ல் வந்த சட்டம். 2017-ல் உச்ச நீதிமன்றம், ‘கோஷர்’ என்ற சொல்லைத் தவிர்த்து, தாங்கள் கடைப்பிடிப்பது என்ன, மேற்பார்வை செய்பவர் யார் என்பதை உண்மையாக எழுதி வைக்கலாம் என்றது. அந்த இடைவெளியில்தான் 2018-ல் ட்ஸோஹர் என்ற ரப்பிகள் அமைப்பு உணவகங்களை மேற்பார்வை செய்யத் தொடங்கியது. அதனால் டெல் அவீவில் உணவகம் தேடும்போது வரைபடச் செயலி ‘கோஷர்’ என்று காட்டினாலும், யாருடைய சான்று என்று சுவரைப் பார்ப்பது நல்லது.

உணவகச் சான்றில் எதைப் பார்க்க வேண்டும்?

தேதியை. மன்ஹாட்டனில் லெக்ஸிங்டன் அவென்யூ பக்கம் தோசை விற்கும் தென்னிந்தியச் சைவ உணவகங்கள் சிலவற்றில் கோஷர் சான்று தொங்குவதைப் பார்க்கலாம். இறைச்சியே சமைக்காத அடுக்களை என்பதால் பால்-இறைச்சிச் சிக்கல் அங்கே எழாது. பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி நாம் நினைத்தே பார்க்காதது. அடுப்பை யூதர் ஒருவர் பற்றவைக்க வேண்டும். கறிவேப்பிலை, கொத்தமல்லி, காலிஃபிளவர் எல்லாவற்றையும் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி ஓர் இடத்தில் மேற்பார்வையாளர் கறிவேப்பிலை இணுக்கை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். என் அம்மா கூட அவ்வளவு பார்த்ததில்லை.

சான்றில் எபிரேய ஆண்டும் இருக்கும். 2025 செப்டம்பரில் அவர்களுக்கு 5786 பிறந்தது. இணையத்தில் வாடிக்கையாளர்கள் போட்ட புகைப்படத்தில் சான்று தெரிகிறது என்று கிளம்பிப் போகாதீர்கள். அது எந்த ஆண்டுப் படமோ! சான்றில் கியூஆர் கோடு இருந்தால் ஸ்கேன் செய்யுங்கள். அது அமைப்பின் சொந்தத் தளத்துக்குப் போகிறதா என்று முகவரியைப் படியுங்கள். கியூஆர் கோடையும் வெட்டி ஒட்டலாம்.

நான் சைவம். கோஷர் பார்வே என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

வேண்டாம். இங்கே நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. பார்வேயில் பாலும் இறைச்சியும் இருக்காது என்பது சரி. ஆனால் முட்டையும் மீனும் பார்வேதான். மீனிலிருந்து எடுத்த ஜெலட்டின் சேர்ந்த மிட்டாய்க்கு முத்திரை கிடைக்கும். வெறும் ‘கே’ போட்ட ஜெலட்டின் பொருட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதில் ரப்பிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. ‘டி’ போட்ட பாலாடைக்கட்டி கன்றுக்குட்டியின் இரைப்பை நொதியால் உறையவைத்ததாக இருக்கலாம். முத்திரையால் சைவர்களுக்கு ஓரளவு பயன் உண்டு: பன்றிக்கொழுப்பு இருக்காது, கொச்சினீல் பூச்சியின் சிவப்புச் சாயம் இருக்காது. அதற்கு மேல் உட்பொருள் பட்டியலைப் படித்தே ஆக வேண்டும்.

பால் ஒவ்வாமை உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் இன்னும் கவனம். பார்வே என்பது சமயக் கணக்கு. இயந்திரத்தைச் சமய விதிப்படி சுத்தம் செய்தாலும் பாலின் சுவடு ஒட்டிக்கொண்டிருக்க இடமுண்டு. அதற்கு ஒவ்வாமைக் குறிப்புதான் ஆதாரம், கோஷர் முத்திரை அல்ல.

இவ்வளவு தொழில்நுட்பம் இருந்தும் மோசடி நடக்கிறதா?

2006-ல் நியூயார்க் மாநிலத்தின் மான்ஸி என்ற ஊரில், ஆர்த்தடாக்ஸ் யூதர்கள் நெருக்கமாக வாழும் இடத்தில், ஒரு வியாபாரி கோஷர் அல்லாத கோழியைக் கோஷர் என்று விற்றது தெரியவந்தது. செய்தி போனிலும் மின்னஞ்சலிலும் பறந்தது. ஊரே தங்கள் பாத்திரங்களைக் கொதிநீரில் முக்கியெடுத்துத் தூய்மை செய்ய வேண்டியிருந்தது. பெட்டியை உள்ளே வைத்து மாற்றுபவனை வெளியே இருக்கும் செயலி பிடிக்க முடியாது. பிடித்த பிறகு செய்தியை வேகமாகக் கொண்டுபோக முடியும், அவ்வளவுதான்.

மேற்பார்வையாளர் நேரில் போகாமல் வீடியோ அழைப்பில் ஆலையைப் பார்ப்பதும் பெருந்தொற்றுக் காலத்தில் நடந்தது. எல்லை மூடியிருந்தபோது வேறு வழி இல்லை. கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது போனைப் பிடித்திருப்பவர் கையில்தானே?

கடுமையாகக் கடைப்பிடிப்பவர்கள் ஸ்மார்ட்போனே வைத்திருக்க மாட்டார்கள் என்கிறார்களே?

உண்மைதான், இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஹரேதி எனப்படும், சமய விதிகளை மிகக் கடுமையாகக் கடைப்பிடிக்கும் யூத சமூகங்களில் இணையத்துக்குக் கடும் எதிர்ப்பு. 2012 மே மாதம் நியூயார்க்கின் சிட்டி ஃபீல்ட் பேஸ்பால் மைதானத்தில் இணையத்தின் ஆபத்தைப் பற்றிப் பேசப் பல்லாயிரம் ஆண்கள் திரண்டார்கள். ‘கோஷர் போன்’ என்றே ஒன்று விற்கிறது. ரப்பிகள் குழு ஒப்புதல் கொடுத்தது, இணையம் இருக்காது அல்லது வடிகட்டியது மட்டும் இருக்கும். ஆக, முத்திரையை யார் மிகக் கவனமாகப் பார்க்கிறார்களோ அவர்களுக்குச் செயலி போய்ச் சேராது. அவர்களுக்கு அமைப்புகளின் தொலைபேசிச் சேவையும் அச்சிட்ட பட்டியலும்தான்.

போன் வைத்திருப்பவர்களும் வெள்ளி சூரியன் சாய்ந்ததிலிருந்து சனி இருட்டும்வரை, யூதர்களின் ஓய்வுநாள் என்பதால், அதைத் தொடமாட்டார்கள். பண்டிகை நாட்களிலும் அப்படியே. பாஸ்கா வழிகாட்டியை அமைப்புகள் இன்னும் அச்சடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தை வைத்து ஒட்டிய இரண்டு தாள், பல வீடுகளில் இன்றும் இருக்கிறது.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால்?

“வட்டத்துக்குள் யூ என்றால் என்ன?” என்று கேளுங்கள், சரியாகச் சொல்லும். “இந்த பிஸ்கட் கோஷரா?” என்று கேட்டால் எப்போதோ படித்ததை இன்றைய செய்தி போலச் சொல்லிவிடலாம். சான்று போன மாதம் ரத்தாகியிருந்தால் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை. பொட்டலத்தைப் படம் எடுத்துக் காட்டினாலும் பழக்கமில்லாத சிறு குறியைப் பெரிய அமைப்பின் குறி என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து ஏற்றுமதி செய்கிறேன். வாங்குபவர் கோஷர் கேட்கிறார். என்ன செய்ய?

முதலில் எந்த அமைப்பின் சான்று வேண்டும் என்று அவரையே கேளுங்கள். விலை மலிவு என்று ஏதோ ஒன்றை வாங்கிவிட்டு, அவர் ஏற்கவில்லை என்றால் பணம் வீண். நம் ஊர் விவசாயிகள் ஒப்பந்த முறையில் விளைவிக்கும் ஊறுகாய் வெள்ளரி, மசாலாப் பொருட்கள், சாறுகள் எல்லாம் கோஷர் சான்றோடு வெளிநாடு போவது புதிதல்ல. ஆய்வுக்கு வருபவர் உட்பொருள் ஒவ்வொன்றையும் யார் தருகிறார் என்று கேட்பார். வெள்ளரியில் கேள்வி எழாது, வினிகரில் எழும்.

சான்றிதழ் கிடைத்ததும் அதை ஸ்கேன் செய்து அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். எது வரை செல்லும், எந்த ஆலைக்கு, எந்தப் பொருட்களுக்கு என்று அதிலேயே எழுதியிருக்கும். காலாவதிக்கு இரண்டு மாதம் முன்பே நாட்காட்டியில் நினைவூட்டல் போட்டுக்கொள்ளுங்கள். வினிகர் விற்பவரை மாற்றினால் சான்று தந்த அமைப்புக்கு முன்கூட்டியே எழுதுங்கள், என்னைப் போல இறக்குமதியாளரின் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஒரு வரி போடுங்கள்.

முத்திரையில் சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வது?

முத்திரைக்கு உரிய அமைப்பிடம். பொட்டலத்தின் முன்பக்கம், உட்பொருள் பட்டியல், பார்கோடு, தொகுப்பு எண் என்று நான்கு படம் எடுங்கள். தொகுப்பு எண் பெரும்பாலும் மடிப்புக்குள்ளோ மூடியின் கழுத்திலோ மங்கலாக இருக்கும், போனின் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். எந்தக் கடையில், என்றைக்கு வாங்கினீர்கள் என்று சேர்த்து அனுப்புங்கள். பதில் வரும்வரை பொட்டலத்தைத் தூக்கி எறிய வேண்டாம். திருப்பிக் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.